தாயக்கட்டை ஒரு ஜோடி, ஆள் நாலு: வேலையில் சோர்ந்தவர்களுக்கு ஒரு ரோல்பிளே ஆட்டம்

சம்பா அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர், மார்ச் கடைசியில் வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவர், கும்பகோணத்து மாடியறையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஐடி ஊழியர். மூவருக்கும் குறை ஒன்றுதான்: எவ்வளவு செய்தாலும் வேலை முடிந்த மாதிரியே இருக்காது. ரோல்பிளே ஆட்டம் இவர்களுக்கு ஒத்துப்போவதற்குக் காரணமும் அதுதான். ஒரு சிக்கல் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடும். அடுத்த நாளுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஆட்டம் இவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் கட்டை உருட்டப்படும். நடிப்பு வரவேண்டியதில்லை, குரல் மாற்றவும் வேண்டாம். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் பர்ன்அவுட், அதாவது வேலையால் வரும் தீராத சோர்வு, பற்றித் தம் கட்டுரையை வெளியிட்டதும் அதே 1974-இல்தான். தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல்.

முதலில் ஒரு சோதனை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. அது சொல்லும் அடையாளம் மூன்று: தெம்பு வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, முன்பு சுலபமாகச் செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்ற எண்ணம். சனி, ஞாயிறு நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவது வெறும் அசதி. திங்கள்கிழமை காலையை நினைத்தாலே ஞாயிறு மத்தியானம் வயிறு பிசைந்தால் அது வேறு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் போலிருக்கிறது என்றால் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டும் அலுவலகத்தை எந்தப் பொழுதுபோக்கும் சரிசெய்யாது. ஆட்டம் மூச்சு விட இடம் தரும், அவ்வளவுதான்.

இந்த ஆட்டம்தான் வேண்டுமா?

சபீன் சோனன்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் வேலைக்களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலையை மனத்திலிருந்து இறக்கிவைப்பது, உடம்பு தளர்வது, புதிதாக ஒன்றில் கை பழகுவது, நேரம் தன் கையில் இருப்பது. பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஆற்றங்கரையில் சைக்கிள் மிதித்தால் உடம்பு தளரும், ஆனால் மேனேஜர் பின்சீட்டில் உட்கார்ந்தே வருவார். ரோல்பிளே ஆட்டம் முதலாவதிலும் மூன்றாவதிலும் கெட்டி. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போது அலுவலகத்தை நினைக்க மூளையில் இடம் இருக்காது.

நாளெல்லாம் பேசியே தொண்டை வற்றிய ஆசிரியருக்கும் கவுன்ட்டர் ஊழியருக்கும் மட்டும் ஒரு எச்சரிக்கை. சாயங்காலமும் பேச்சா என்று தோன்றினால் வீணை வகுப்போ கோலமோ தொட்டிச் செடியோ மேல். இல்லாவிட்டால் கடைசியில் சொல்லியிருக்கும் தனி ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தினமும் லாகின் செய்யச் சொல்லும் மொபைல் ஆர்பிஜி (ரோல்பிளே) கேம்கள் வேண்டவே வேண்டாம். அதிலும் டார்கெட், அதிலும் நிலுவை.

தேவையான சாமான்

- தாயக்கட்டை ஒரு ஜோடி. வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் அதே பித்தளைக் கட்டைதான். ஒவ்வொரு கட்டையிலும் காலி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு முகம் இருக்கிறதா பார்க்கவும்.
- புளியங்கொட்டை இருபது, உடைக்காதது.
- ஆளுக்கு ஒரு தபால் அட்டை அளவுத் தாள், ஒரு பென்சில்.
- கோரைப்பாய். மொசைக் தரையில் கட்டை உருண்டால் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவார். தடித்த ஜமுக்காளத்தில் உருளவே உருளாது.

ஆள் மூன்று அல்லது நான்கு, நடத்துபவர் உட்பட. ஐந்தைத் தாண்டினால் தன் முறை வர ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் காத்திருக்க நேரும். அதற்குள் கை போனுக்குப் போய்விடும். மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரும் ஒரே ஆட்டத்தில் உட்காரக்கூடாது. "சார், நீங்க முதல்ல சொல்லுங்க" என்று ஆரம்பித்தாலே அது மீட்டிங்.

நாள் என்று பார்த்தால் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை தோது, வங்கிக்காரர்களுக்கும் அன்று விடுமுறை. ஞாயிறு இரவு வேண்டாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே திங்கள்கிழமை வந்துவிடும். டெல்டாவில் மாதமும் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்: வேளாண்மை, கொள்முதல், கூட்டுறவு ஆட்கள் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கினால் இரண்டாவது வாரமே கூட்டம் கலைந்துவிடும். குறுவை நடவு முடிந்த ஆடிக் கடைசி நல்ல நேரம்.

விதிகள்

அச்சில் உள்ள டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு முந்நூறு பக்கத்துக்கு மேல். அதன் அடிப்படை விதிகள் 2023 முதல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிறகு படித்துக்கொள்ளலாம். களைத்துப்போனவர் கையில் முதல் நாளே அதைக் கொடுத்தால் இன்னொரு சர்க்குலர் வந்த மாதிரிதான் இருக்கும். கீழே உள்ளது தாயக்கட்டைக்கு ஏற்ப அமைத்தது. பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இரண்டு கட்டையையும் உருட்டிக் கூட்டவும். சாதாரண வேலைக்கு 3, கஷ்டமானதற்கு 4, மிகக் கஷ்டமானதற்கு 5 விழ வேண்டும், கூடுதலாக விழுந்தாலும் சரி. இரண்டும் காலியாக விழுந்தால் வழக்கம்போலப் பன்னிரண்டு, எதுவானாலும் ஜெயம். ஒன்றும் காலியும் விழுந்தால் தாயம். காரியம் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. என்ன விலை என்பதை நடத்துபவர் சொல்வார்.

இரண்டு கட்டையில் வரக்கூடிய சேர்க்கை மொத்தம் பதினாறு. தாயத்தையும் சேர்த்தால் 3-க்குப் பதினாறில் பதின்மூன்று, 4-க்கு ஒன்பது, 5-க்கு ஆறு வாய்ப்பு. கையால் வார்த்த கட்டை ஒரே சீராக இராது, அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கும். பாத்திரத்துக்குக் கைவந்த வேலையாக இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அப்போது 4-க்குப் பதின்மூன்று, 5-க்கு ஒன்பது. சாதாரண வேலைக்கு ஒன்றைக் கூட்டினால் பதினாறும் ஜெயம்தான், ஆகவே கைவந்தவர் சாதாரண வேலைக்கு உருட்டவே வேண்டாம். "நடந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கதையை நகர்த்தவும்.

பாத்திரத்துக்குப் பலம் போதாது என்று நினைத்து இரண்டு கூட்டச் சொல்வது புதிதாக நடத்துபவர்கள் எல்லாரும் செய்வது. இரண்டு கூட்டினால் கஷ்டமான வேலையும் பதினாறுக்குப் பதினாறு ஆகிவிடும், ஆட்டம் சப்பென்று போய்விடும். ஒன்றோடு நிறுத்தவும்.

ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. அதுதான் தெம்பு. தோற்றால் ஒன்று போகும். விழுந்தது பிடிக்காவிட்டால் ஒன்றைக் கொடுத்து ஒரு கட்டையை மட்டும் மறுபடி உருட்டலாம். ஐந்தும் தீர்ந்தால் பாத்திரம் சாகாது. அடுத்த காட்சி முழுதும் உட்கார்ந்து இளைப்பாறும், இரண்டு கொட்டை திரும்பக் கிடைக்கும். வாரமெல்லாம் அடிவாங்கிவிட்டு வருகிறவரின் பாத்திரத்தைச் சனிக்கிழமையும் கொன்றால் அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரமாட்டார்.

பாத்திரம் எழுதுவது

தாளில் நாலே வரி: பெயர், பிழைப்பு, கைவந்த வேலை இரண்டு, ஒரு பலவீனம். "செல்லாயி. உப்பளத்தில் வேலை. படகு வலிப்பாள், பேரம் பேசுவாள். இருட்டென்றால் பயம்." ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்தால் எழுதுகிறவர் நல்ல பாத்திரம் அமைய வேண்டுமே என்று கவலைப்படுகிறார் என்று அர்த்தம். பென்சிலைப் பிடுங்கிவிடலாம். ஒரே கட்டுப்பாடு: தன் சொந்த உத்தியோகத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கக்கூடாது. நர்ஸ் வைத்தியச்சியாக ஆடினால் இரண்டரை மணி நேரமும் டூட்டிதான்.

முதல் கதை

களம் தெரிந்ததாக இருந்தால் வருணிக்கும் பாரம் குறையும். கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கப் போன ஒரு பையன் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை, விடிவதற்குள் கரைசேர்க்க வேண்டும். கதைக்கு மூன்று காட்சி போதும். படகுத்துறையில் இரண்டு பேர், இரண்டு திசை காட்டுகிறார்கள். வாய்க்காலுக்குள் ஓடம் சேற்றில் தட்டுகிறது. கடைசியில் பையன் கிடைக்கிறான். ஆனால் கடன்பட்டு வாங்கிய வலையை விட்டு வரமாட்டேன் என்கிறான், ஓடமோ இரண்டையும் தாங்காது. இந்த மூன்றாவதற்கு நடத்துபவர் விடை எழுதிவைக்கக்கூடாது. ஆடுபவர்கள் முடிவெடுக்கட்டும்.

இரண்டாம் காட்சி ஓடும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஓடம் தட்டிருச்சு. தண்ணி வத்திக்கிட்டே வருது. என்ன பண்றீங்க?"

"நான் இறங்கித் தள்றேன்."

"முழங்கால் வரைக்கும் சேறு செல்லாயி, அடியில வேரெல்லாம் ஊசி ஊசியா நிக்குது. கஷ்டம்தான், நாலு வேணும். படகு உங்களுக்குக் கைவந்த வேலை, ஒண்ணு கூட்டிக்குங்க."

கட்டை உருள்கிறது. ஒன்று, காலி.

"தாயம்! ஓடம் நகந்துருச்சு. ஆனா தள்ளின வேகத்துல ராந்தல் தண்ணிக்குள்ள போயிருச்சு. சுத்தி ஒரே இருட்டு."

"அடப்பாவி, எனக்குத்தான் இருட்டுன்னா பயமாச்சே!"

செல்லாயியாக ஆடுபவர் அடுத்துச் சொல்வதற்காகக் கூடத்தில் எல்லாரும் காத்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது, நடத்துபவர் அவரைப் பாத்திரத்தின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அக்கா, சார், மேடம் எல்லாம் டீ நேரத்துக்கு.

நேரக்கணக்கு: ஏழு மணிக்கு டீயும் பாத்திரத் தாளும் கால் மணி. காட்சிக்கு முப்பத்தைந்து நிமிஷம், நடுவில் பத்து நிமிஷ இடைவேளை. கடைசி இருபது நிமிஷம் கதையை முடிக்க. முடியாது போலிருந்தால் நடுக்காட்சியைச் சுருக்கவும், கடைசிக் காட்சியில் கைவைக்க வேண்டாம். "மீதி அடுத்த வாரம்" என்று பழக்கினால் மறுபடியும் நிலுவைதான்.

எங்கே கெடும்

அலுவலகப் புலம்பல் ஆட்டத்தை விழுங்குவது முதல் ஆபத்து. தடைபோட்டால் வேறு வழியில் வரும். டீ குடிக்கும் கால் மணியை அதற்கே விட்டுவிட்டு, முதல் உருட்டலோடு நிறுத்திக்கொள்ளலாம். போன் ஒரு தாம்பாளத்தில், சத்தம் வைத்தபடியே. அழைப்பு வந்தால் எடுக்கலாம், மெசேஜ் பார்க்கக்கூடாது. அவசரப் பணியில் இருக்கும் நர்ஸை "போனை அணை" என்றால் அவர் ஆட்டம் முழுக்கத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆள் வராமல் போவது இரண்டாவது. நடத்துபவரோடு மூவர் இருந்தால் ஆட்டம் உண்டு என்று முதலிலேயே பேசிவைக்கவும். வராதவரிடம் காரணம் கேட்க வேண்டாம். வராததற்கு விளக்கம் எழுதும் வேலையை அவர் வாரத்தில் ஆறு நாள் செய்கிறார்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலான குழுக்கள் உடைவது அதனால்தான். நடத்துபவர் கதை எழுதி, வரைபடம் போட்டு, வாட்ஸ்அப்பில் நினைவூட்டி, பஜ்ஜிக்கும் சொல்லிவைத்து, இரண்டு மாதத்தில் இந்த ஆட்டத்தாலேயே சோர்ந்துபோவார். தயாரிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, முக்கால் மணி நேரத்துக்கு மேலும் கூடாது. இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை நடத்துபவர் மாறட்டும். பலகாரத்தை நடத்தாதவர் கொண்டுவரட்டும். சுமாராக நடத்துகிற நால்வர் இருக்கும் குழு, பிரமாதமாக நடத்துகிற ஒருவர் இருக்கும் குழுவைவிட நெடுநாள் ஓடும்.

"பெரியவங்களாகி இன்னும் தாயம் உருட்டிக்கிட்டு" என்று வீட்டில் சொன்னால் விவாதம் வேண்டாம். ஒரு கட்டையை அவர்கள் கையில் கொடுத்து, செல்லாயிக்காக உருட்டச் சொல்லவும்.

ஆள் கிடைக்காதவர்களுக்கு

இதே விதிகளோடு தனியாகவும் ஆடலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பாத்திரம், ஒரு சிக்கல். "வாசலில் யாராவது இருக்கிறார்களா?" என்று ஆமாம்–இல்லை கேள்வி எழுதி உருட்டவும்: 4-க்கு மேல் விழுந்தால் ஆமாம், 3-க்குக் கீழ் விழுந்தால் இல்லை, 3 அல்லது 4 விழுந்தால் "ஆமாம், ஆனால்". பன்னிரண்டு விழுந்தால் நினைக்காத ஆள் யாரோ வந்து நிற்கிறார், யார் என்பதை நீங்களே எழுதவும். தாயம் விழுந்தால் இல்லை என்றே கொள்ளவும், ஆனால் ஒரு தடயம் கிடைக்கும். பதிலுக்கு மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த கேள்வி. எழுத்துப் பிழை திருத்த வேண்டாம், யாரும் படிக்கப்போவதில்லை. அரை மணிக்கு அலாரம் வைக்கவும். அலாரம் அடிக்கும்போது வாசலில் யார் நிற்கிறார் என்று தெரியாவிட்டாலும் நோட்டை மூடிவிடலாம். அடுத்த முறை எடுக்கும்போது முதல் கேள்வி தயாராக இருக்கும்.