புளிக்காய்ச்சல்: அளவும் பதமும்

புளியோதரைக் குறிப்புகளில் பாதிக்கு மேல் "எலுமிச்சம்பழ அளவு புளி" என்றுதான் தொடங்கும். அப்படி உருட்டி எடுத்தால் ஒருவர் கையில் 25 கிராம் வரும், இன்னொருவர் கையில் 50 கிராம் வரும். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தும் ஒரு வீட்டில் சாதம் சப்பென்றும் இன்னொரு வீட்டில் பல் கூசும்படியும் வருவது இதனால்தான். காய்ச்சலுக்குப் புளியையும் உப்பையும் மட்டுமாவது தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குக் கரண்டி போதும். இங்கே தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி.

காய்ச்சலுக்கு: கொட்டையும் நாரும் நீக்கிய புளி 100 கிராம், கல் உப்பு 35 கிராம், நல்லெண்ணெய் 120 மில்லி, காய்ந்த மிளகாய் 10, கடுகு 1 தேக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, வேர்க்கடலை அளவில் இரண்டு துண்டு கட்டிப் பெருங்காயம், வெல்லம் 20 கிராம், கறிவேப்பிலை மூன்று கொத்து, வெந்தயம் 1 தேக்கரண்டி. இது 750 கிராம் அரிசிக்குச் சரியாக இருக்கும்.

பொடிக்கு: தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, எள் ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, மிளகாய் 6.

கறுத்த பழைய புளிதான் காய்ச்சலுக்கு அடர்ந்த நிறம் தரும். புதுப் புளியில் செய்தால் வெளிறிய செம்பழுப்பாக நிற்கும். ருசிக்குக் குறை இல்லை, பார்வைக்குத்தான். புளியை 300 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் 150 மில்லி வெந்நீர் விட்டுப் பிசைந்து இரண்டாம் சாற்றையும் எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் அதை வற்றவைப்பதற்கே அடுப்பு எரியும்.

பாத்திரம் முக்கியம். அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை மூன்றும் ஆகாது. புளி உலோகத்தை அரிக்கும், காய்ச்சலில் கசறல் ஏறும். அடிகனமான எவர்சில்வர் வாணலி நல்லது. பழக்கிய கல்சட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கல்சட்டி அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே இறக்கிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் கல்சட்டிக் குறிப்பைக் கொடுத்தால் வாங்குபவர் வீட்டில் காய்ச்சல் இறுகிக் கட்டியாகிவிடும்.

முதலில் வெந்தயத்தை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் சிவக்க வறுத்துத் தனியே பொடித்து வையுங்கள். கறுத்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு வேறு வறுக்கவும். கருகிய வெந்தயத்தின் கசப்பை எவ்வளவு வெல்லம் போட்டாலும் மறைக்க முடியாது.

எண்ணெய் மொத்தத்தையும் காயவைத்துப் பெருங்காயத்தைப் போடுங்கள். அது பொரிந்து உப்பியதும் எடுத்து நசுக்கிக்கொள்ளலாம். அதே எண்ணெயில் கடுகு வெடித்த பின் கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் தூள். மஞ்சள் தூள் விழுந்த உடனே புளிச்சாற்றை ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் கருகும். உப்பும் நசுக்கிய பெருங்காயமும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

இனி நடப்பதில்தான் காய்ச்சலின் உயிரே இருக்கிறது. அகலமான வாணலியில் இருபது நிமிடத்தில் வற்றுவது, குறுகிய பாத்திரத்தில் நாற்பது நிமிடம் பிடிக்கும். அதனால் கடிகாரத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது. தொடக்கத்தில் நுரைத்துச் சிறு குமிழியாகக் கொதிக்கும், புளியின் பச்சை வாசனை மூக்கில் ஏறும். பாதி வற்றியதும் அந்த வாசனை அடங்கும். அப்போது வெல்லத்தைப் போடுங்கள். முன்னதாகப் போட்டால் அடிபிடிக்கும். பிறகு குமிழிகள் பெரிதாகி, இடைவெளி விட்டு வெடித்துத் தெறிக்கும். தீயைக் குறையுங்கள். ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து மிதக்க, கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறியதும் இன்னும் இறுகும் என்பதால் கோடு நிற்க ஆரம்பித்ததுமே அணைத்து, வெந்தயப் பொடியைக் கலக்கவும். நாக்கில் வைத்தால் உப்பும் புளிப்பும் தூக்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், சாதம் அதை இழுத்துக்கொள்ளும்.

எண்ணெய் பிரியவில்லை என்றால் ஒன்று தண்ணீர் இன்னும் இருக்கிறது, அல்லது எண்ணெய் குறைந்துவிட்டது. இரண்டுமே பூசணத்துக்கு வழி. எண்ணெயைக் குறைத்துச் செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முழுதாக ஆறிய பிறகுதான் மூடவும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோர்த்துக் காய்ச்சலில் சொட்டும், அந்த இடத்தில்தான் முதல் பூசணம் பூக்கும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியோ பீங்கான் ஜாடியோ ஏற்றது. தகர மூடி வேண்டாம், துரு ஏறும். மேலே எண்ணெய் ஒரு படலமாக நின்றால் வெளியிலேயே ஒரு மாதம் தாங்கும், ஃப்ரிட்ஜில் மூன்று மாதம். பூசணம் கண்டால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடக் கூடாது.

பொடியையும் தாளிப்புப் பருப்புகளையும் காய்ச்சலோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது பல குறிப்புகளில் இருக்கும். அன்றே கலப்பதானால் சரி. வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்: தனியாவும் பருப்பும் காய்ச்சலைக் களியாக்கும், வேர்க்கடலை நமுத்துப்போகும். பொடிச் சாமான்களை ஒவ்வொன்றாக வறுத்து, எள் படபடவென வெடித்ததும் இறக்கி, எல்லாம் ஆறிய பின் கொரகொரப்பாக அரைக்கவும். நைசாக ஓட்டினால் எள் எண்ணெய் விட்டுக் கட்டிக்கொள்ளும். எள் சேர்ந்த பொடி நாள்பட்டால் சிக்கு வாடை வீசும், ஆகவே தேவைக்கு மட்டும்.

கலக்கும்போது 250 கிராம் பழைய பச்சரிசி அல்லது பொன்னியை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, சூட்டிலேயே ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் 5 மேசைக்கரண்டி, பொடி ஒன்றரை மேசைக்கரண்டி, எண்ணெயில் சிவக்க வறுத்த கடலைப்பருப்பு, வேர்க்கடலை. சுடச்சுடக் கிளறினால் சாதம் உடைந்து குழையும். கலந்த உடனே ருசி பார்த்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு மணி நேரம் மூடி வைத்த பிறகு பார்த்து, வேண்டுமானால் ஆறாவது கரண்டியைச் சேர்க்கலாம். ஆடிப்பெருக்குக்குக் காலையில் கலந்து ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகும் புளியோதரை மதியம் கூடுதலாக ருசிப்பது இந்த ஊறலால்தான். கன்னடப் பக்கத்துப் புளியோகரையின் ருசி பிடித்தவர்கள் பொடியில் கொப்பரைத் துருவலும் காய்ச்சலில் இன்னொரு 20 கிராம் வெல்லமும் சேர்க்கலாம்.

இந்தக் குறிப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது "டம்ளர்" என்று எழுதாதீர்கள். 150 மில்லி டம்ளரும் உண்டு, 250 மில்லியும் உண்டு. காய்ச்சலையே புட்டியில் போட்டுக் கொடுப்பதானால் பொடியைத் தனிப் பொட்டலமாக வைத்து, செய்த தேதியையும் "250 கிராம் அரிசிக்கு 5 மேசைக்கரண்டி, உப்பு சேர்த்தாயிற்று" என்பதையும் புட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். காய்ச்சலில் உப்பு இருப்பது தெரியாமல் வடிக்கும் சாதத்திலும் உப்புப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படி ஆகிவிட்டால் உப்பில்லாமல் வடித்த சாதத்தை அதோடு சேர்த்துக் கலக்குவது ஒன்றுதான் வழி.