தைக்கோவில் கிளாசிக்கல் பாட்டு: குச்சியா, பொத்தானா, விரலா, விசைப்பலகையா?

தைக்கோ நோ தத்சுஜின் 2001-இல் நாம்கோ நிறுவனம் ஜப்பானிய ஆர்கேடுகளில் (காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில்) இறக்கிய மேள விளையாட்டு. திரையில் ஒரு பாதை. வலப்பக்கமிருந்து சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் ஓடிவரும். இடது ஓரத்தில் இருக்கும் வளையத்துக்குள் வட்டம் வந்து பொருந்தும் நொடியில் அடிக்க வேண்டும். சிவப்பு என்றால் ‘டொன்’, தோலின் நடுவில் அடி. நீலம் என்றால் ‘கா’, விளிம்பில் அடி. பெரிய வட்டத்தை இரண்டு கையாலும் சேர்த்து அடிக்கணும். ஒரு கையால் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும், கூடுதல் புள்ளி மட்டும் கிடைக்காது. மஞ்சள் நீளப் பட்டை வந்தால் அது முடியும்வரை விடாமல் உருட்ட வேண்டும். பலூன் வந்தால் அதில் காட்டும் எண்ணிக்கைக்கு டொன் மட்டும். விளிம்பில் எத்தனை அடித்தாலும் பலூன் உடையாது.

இதில் கிளாசிக்கல் பிரிவு தனி ரகம். ரோசினியின் வில்லியம் டெல் முன்னிசை, மொசார்ட்டின் துருக்கிய அணிவகுப்பு, ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசை எல்லாம் இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வருபவை. பாப் பாட்டில் அடியில் ஒரு டிரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். இங்கே வட்டங்கள் பெரும்பாலும் மெட்டையே பின்தொடரும்: வயலின் நாலு ஸ்வரம் ஓடினால் உங்கள் கையும் நாலு அடி ஓடணும். பாட்டு நடுவில் வேகம் மாறினால் வட்டங்கள் ஓடிவரும் வேகமும் கூடவே மாறும். அதனால்தான் எந்தக் கருவியால் ஆடுகிறீர்கள் என்பது இந்தப் பிரிவில் மற்றதைவிட அதிகம் உறுத்தும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடினம், அதற்கும் மேலான ஓனி ஆகிய நிலைகளில் ‘நன்று’ வாங்க, சரியான நொடிக்கு முன்னும் பின்னும் சுமார் 25 மில்லிசெகண்ட்தான் அனுமதி. 75 வரை ‘பரவாயில்லை’. அதற்கு மேல் தப்பு. எளிது, சாதாரணம் ஆகிய நிலைகளில் இது சுமார் 42, 108 என்று தளரும்.

25 மில்லிசெகண்ட் கணக்கில் ஆடும்போது கருவியைவிட முதலில் கெடுப்பது டிவிதான். டிவியை ‘கேம் மோட்’ அமைப்புக்கு மாற்றுங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகள் படத்தைத் தாமதமாக்கும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2021-லிருந்து புளூடூத் ஒலி வருகிறது என்றாலும், அந்தத் தாமதம் இந்த விளையாட்டுக்கு விஷம்; வயர் வைத்ததையே மாட்டுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்பில் ஒலிக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பகுதிக்குப் போங்கள். தெரிந்த, மெதுவான ஒரு பாட்டை எளிது நிலையில் ஆடிப் பாருங்கள். தப்பெல்லாம் ஒரே பக்கம், அதாவது எப்போதும் சீக்கிரம் அல்லது எப்போதும் தாமதம் என்று வந்தால் கோளாறு அமைப்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கலந்து வந்தால் கை பழக வேண்டும். கருவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மேளம்

ஆர்கேடில் பெரிய மேளம். வீட்டுக்கு ‘தத்தாகோன்’ என்ற சின்ன மேளம், ஸ்விட்சுக்கு ஹோரி நிறுவனத்துடையது யுஎஸ்பி வயருடன் வருகிறது. ஆர்கேடில் தோள் அகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். பலர் முழங்கையிலிருந்து ஓங்கி அடிப்பார்கள். மூன்றாவது பாட்டில் கை செத்துவிடும். மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும், குச்சியின் நுனி தோலிலிருந்து ஒரு சாண் உயர்ந்தால் போதும். குச்சியை இறுகப் பிடிக்காமல் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஊஞ்சல்போல் விட்டால், தோலில் பட்டு எழும்பும் துள்ளலே அடுத்த அடிக்கு உதவும்.

கா அடிக்க நுனியைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். குச்சியின் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள வயிற்றுப் பகுதி விளிம்பில் படட்டும். நுனியால் குத்தினால் ஒன்று வழுக்கும், இல்லையேல் தோலிலும் பட்டு டொன் ஆகிவிடும். கைகளைத் தோலின் ஓரத்துக்கு அருகே வைத்திருந்தால் டொன்னிலிருந்து காவுக்குப் போகும் தூரம் நாலு விரல்தான்.

வீட்டு மேளத்தில் வரும் பெரிய தொல்லை நகர்வது. வழுவழுப்பான மேசையில் வைத்தால் ஓனி பாட்டு ஒன்றுக்கே அரையடி தள்ளிப் போயிருக்கும். அடியில் ரப்பர் பாய் அல்லது யோகா பாய் போடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் அது நல்லது. மெல்லிய அடிகள் பதிவாகாவிட்டால் பலமாக அடிக்காதீர்கள். தோலில் எந்த இடத்தில் நன்றாகப் பதிகிறது என்று ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் பார்த்து, அங்கேயே அடிக்கப் பழகுங்கள்.

பொத்தான்கள்

ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் கைப்பிடியால் (கன்ட்ரோலரால்) ஆடலாம். அமைப்பில் பொத்தான் வகைகள் இருக்கும். இரண்டு கட்டைவிரலுக்கும் டொன், இரண்டு ஆட்காட்டி விரலுக்கும் தோள் பொத்தான்களில் கா கிடைக்கும் வகையை எடுங்கள். ஒரே கட்டைவிரல் டொன்னுக்கும் காவுக்கும் தாவும் வகையில், டொன்-கா-டொன்-கா என்று வேகமாக வரும் வரிசையில் விரல் சிக்கிக்கொள்ளும். ஆழமாக அமுங்கும் ட்ரிக்கர்களைத் தவிர்த்து மேலே இருக்கும் சின்னத் தோள் பொத்தான்களையே பயன்படுத்துங்கள். பெரிய வட்டத்துக்கு ஒரே வகைப் பொத்தான்கள் இரண்டும் ஒரே நொடியில் அமுங்கணும்.

காற்றில் வீசுவது

ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் சின்னக் கைப்பிடிகளான ஜாய்-கான்களைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்து வீசலாம். நேராகக் கீழே வீசினால் டொன், சாய்த்து வீசினால் கா. வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது இதுதான். இரண்டாம் பாட்டில் நொந்துபோவதும் இதனால்தான். கீழே வீசிய கையை மேலே விருட்டென்று இழுத்தால் அதையும் ஓர் அடியாக எண்ணிவிடலாம். வீசிய பின் நிறுத்தி, மெதுவாகத் தூக்குங்கள். மணிக்கட்டுப் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். சாதாரண நிலையைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வண்டு பறக்கும் இசையை இதில் முயல்வது வண்டுக்கும் அவமரியாதை.

தொடுதிரை

2018-இல் வந்த ஸ்விட்ச் பதிப்பில், ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது திரையிலேயே மேளம் தெரியும். உள்ளே தொட்டால் டொன், வெளியே தொட்டால் கா. மேசையில் படுக்கவைத்து இரண்டு ஆட்காட்டி விரலால் தட்டுவது, கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவதைவிட வேகம். எல்லைக்கோடு விரலுக்குத் தட்டுப்படாது என்பதுதான் குறை: கண் பாதையில் இருக்கும், விரல் மெல்ல மெல்ல உள்ளே நகரும், கா எல்லாம் டொன் ஆகும். பாட்டில் இடைவெளி வரும்போதெல்லாம் ஒரு கணம் கீழே பார்த்து விரலைச் சரிசெய்யுங்கள். விரல் ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

விசைப்பலகை

கணினியில் ஆடுவோர் பெரும்பாலும் டி, எஃப், ஜே, கே ஆகிய நான்கு விசைகளை வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் உள்ள எஃப், ஜே இரண்டும் டொன். ஓரத்து டி, கே இரண்டும் கா. மேளத்தின் அமைப்பே விரலில் வந்துவிடுகிறது, நாலு விரலும் இடம்விட்டு நகர வேண்டியதில்லை. உச்ச வேகத்துக்கு இதை மிஞ்சிய வழி வீட்டில் இல்லை. ஒரு அமுக்கலுக்கு இரண்டு அடி விழுகிறது என்றால் விசை தேய்ந்திருக்கலாம். வேறொரு விசைக்கு மாற்றிப் பாருங்கள்; கோளாறு போய்விட்டால் குற்றம் உங்கள் விரலுடையது அல்ல.

எந்த அடிக்கு எந்தக் கை

எந்தக் கருவியானாலும் இதுதான் உண்மையான பாடம். பிபிஎம் 160-இல், அதாவது நிமிடத்துக்கு 160 அட்சரம் என்ற வேகத்தில், ஒரு அட்சரத்தை நாலாகப் பிரித்தால் அடிக்கும் அடிக்கும் நடுவே சுமார் 94 மில்லிசெகண்ட். ஒற்றைக் கையால் அதைத் தொடர்ந்து அடிக்க முடியாது. மிருதங்கம் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஒவ்வொரு அட்சரத்தையும் ‘தகதிமி’ என்று மனதில் சொல்லுங்கள். ‘த’, ‘தி’ வலது கைக்கு. ‘க’, ‘மி’ இடது கைக்கு. த-வும் தி-யும் மட்டும் வந்தால் வலது கை மட்டும் ஆடும், அதற்கு 188 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, போதும். ‘தகதி’ என்று மூன்று அடி வந்து ஒன்று காலியானால் வல-இட-வல. அடுத்த அட்சரம் மறுபடி வலதில்தான் தொடங்கும். கை குழம்பாது. ஜப்பானிய மேளக்காரர்களும் நம் சொல்கட்டுபோல வாயால் சொல்லித்தான் பழகுகிறார்கள். டொன், கா இரண்டுமே அப்படி வந்த ஓசைகள்.

இதற்கு மாற்று, எத்தனை இடைவெளி வந்தாலும் அடிக்கு அடி கையை மாற்றிக்கொண்டே போவது. நீண்ட ஓனி வரிசைகளுக்கு இது வலிமையானது, ஆனால் பழக மாதங்கள் ஆகும். மூன்றாகப் பிரியும் இடங்களில் மட்டும் எல்லோருக்கும் இது வேண்டும். ‘தகிட தகிட’ என்று சொல்லி, முதல் தகிட வலதில், அடுத்தது இடதில் தொடங்கட்டும். கிளாசிக்கல் பிரிவில் இந்த நடை அடிக்கடி வரும்.

புதிய பாட்டை எடுக்கும்போது

முதலில் தானாக ஆடும் விருப்பத்தை இயக்கி ஒருமுறை பாருங்கள், தொடையில் தட்டிக்கொண்டே. பாதையில் செங்குத்தாக வரும் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு தாள ஆவர்த்தனத்தின் தொடக்கம். கோடுகள் நெருங்கினாலோ விலகினாலோ அங்கே ஏதோ மாறுகிறது. அந்த இடத்தைக் காதால் மனப்பாடம் செய்யுங்கள், கண்ணை நம்பினால் மாறிய பிறகுதான் தெரியும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடைத்துக்கொண்டு வந்தால் ஓடும் வேகத்தைக் கூட்டுங்கள். இடைவெளி அகன்று படிக்கச் சுலபமாகும், பாட்டின் வேகம் மாறாது. உயர்ந்த ஸ்வரம் கா, தாழ்ந்தது டொன் என்று பல இடங்களில் அமைத்திருப்பார்கள்; மெட்டு வாயில் வந்துவிட்டால் நிறமும் பாதி வந்துவிடும்.

விசைப்பலகையில் ஓனி முடிக்கும் ஒருவர் மேளத்துக்கு மாறும்போது ஒரு நிலை கீழே இறங்கித் தொடங்கட்டும், ஜாய்-கான் வீச்சுக்கு இரண்டு நிலை. பாட்டின் முடிவில், சரியாக அடித்தால் ஏறி தப்பினால் இறங்கும் ஆன்ம அளவுகோல் கோட்டைத் தாண்டியிருந்தால்தான் தேர்ச்சி. முடிவுக்கு அருகில் மெட்டு பாய்ந்தோடும் பாட்டுகளில் அதுவரை சேர்த்தது கடைசிச் சில வரிகளில் கரைந்துவிடும். அங்கே திணறினால் எல்லா வட்டத்தையும் துரத்தாதீர்கள். ‘த’ விழும் அடிகளை மட்டும் நிறம் தவறாமல் பிடியுங்கள், நடுவில் உள்ளவை போகட்டும். அடுத்த சுற்றில் ‘தி’-யைச் சேர்த்துக்கொள்ளலாம்.