ரெண்டு வருசமா, நாலு வருசமா? யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வருபவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்தால் ஊரில் முதற் கேள்வி, "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சதோ?" என்பதுதான். இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாமல் டிப்ளோமாவுக்குப் போன பிள்ளையை விசாரிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள், பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புத் தரும் கம்யூனிட்டி கொலிஜையும் அதே கணக்கில் சேர்த்து விடுகிறார்கள். (கொலிஜ் என்றால் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம். "திரும்பவும் பள்ளிக்கூடமோ?" என்று அம்மம்மா கேட்டால் கோபிக்க வேண்டாம்.)

இரண்டு வருடப் படிப்புக்கு அசோசியேட் பட்டம் என்று பெயர், ஏறக்குறைய 60 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு). நாலு வருடப் பட்டம் ஏறக்குறைய 120. முதல் 60ஐக் கம்யூனிட்டி கொலிஜில் முடித்துவிட்டு மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். கட்டணமும் அநேகமாகக் குறைவு. சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்க வழி உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஆர்ட்ஸ், சயன்ஸ் என்று பெயர் கொண்ட அசோசியேட் பட்டங்கள் பெரும்பாலும் மாறிப் போவதற்கென்று அமைந்தவை. 'அப்ளைட் சயன்ஸ்' என்றால் நேரே வேலைக்குப் போவதற்கான படிப்பு. அதில் பல பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் விடலாம். ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வருடம் வீண். சேர முன்னமே ஆலோசகரிடம் போய், எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலிபோர்னியா என்றால் 'அசிஸ்ட்' என்ற இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

நர்சிங் தனிக் கதை. இரண்டு வருடம் படித்தவரும் நாலு வருடம் படித்தவரும் பதிவுத் தாதியாக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் சோதனைதான். பெரிய ஆஸ்பத்திரிகள் பல நாலு வருடப் பட்டத்தை விரும்பும்; அதை வேலை செய்துகொண்டே முடிப்பவர்கள் ஏராளம்.

அப்புறம் விசா. கிறீன் கார்ட்டோடு வந்தவர் மத்திய அரசின் படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு அது இல்லை. காணியை ஈடு வைத்து வந்த பிள்ளை, படித்து முடித்து இங்கே சில காலம் உழைத்துக் கடனை அடைக்கலாம் என்றுதான் நினைக்கும். படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதி, ஓபிடி, 12 மாதம். இரண்டு வருடப் பட்டத்துக்கும் அதைக் கேட்கலாம். ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும் 24 மாதத்துக்கு நாலு வருடப் பட்டமோ அதற்கு மேலோ வேண்டும். ஆகவே கணினி படிக்கும் எஃப்-1 பிள்ளை அசோசியேட்டோடு நிற்பது நட்டம். கம்யூனிட்டி கொலிஜில் தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவது சரி.

வரும்போதே உயர்தரப் பெறுபேற்றின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வாருங்கள். உயர்தரப் பாடங்களுக்குக் கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.