சின்ன டேப் உடைவது எங்கே ஆரம்பிக்கிறது?

ஓட்டைக்குள் திருகாணி மரை வெட்டும் கருவிதான் டேப்; எம்3 என்றால் 3 மி.மீ. திருகாணிக்கானது. எம்3 டேப் உடைந்தால் பட்டறையில் முதல் திட்டு டேப்புக்குத்தான்: "மட்டமான சரக்கு." சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலும் கோளாறு டிரில் பிட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

டேப் இறங்குவதற்கு முன் போடும் ஓட்டை, அட்டவணைப்படி எம்3-க்கு 2.5 மி.மீ., எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2. கையில் 2.5 இல்லையென்றால் 2.4 போட்டு, "மரை இன்னும் இறுக்கமாக வரும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இதுதான் பெரிய தவறு. 2.5 ஓட்டையிலேயே மரைப் பல் முழு உயரத்தில் 77 சதவீதத்துக்கு விழுகிறது. 2.6 போட்டால் 62 சதவீதம். திருகாணியின் பிடிமானம் கொஞ்சம்தான் குறையும். டேப்பைத் திருப்பும் பாரமோ நன்றாகவே குறையும். எவர்சில்வர் என்றால் நான் யோசிக்காமல் 2.6 எடுப்பேன்.

சேலம் உருக்காலை இருக்கும் ஊர். எவர்சில்வர் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 304 ரகத்தில் மழுங்கிய பிட்டை வேகமாக ஓட்டித் தேய்த்தால், ஓட்டையின் உட்சுவர் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் அந்தக் கெட்டியோடு டேப்தான் மல்லுக்கட்ட வேண்டும். கூரான பிட், குறைந்த வேகம், எண்ணெய், விடாத அழுத்தம்: வெட்டிய உலோகச் சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. சின்ன டேப் முறுக்குவதைக் கொஞ்சம் தாங்கும், வளைப்பதைத் தாங்கவே தாங்காது. எம்8-க்கான நீளக் கைப்பிடியில் எம்3-ஐ மாட்டி ஒரு பக்கமாக அழுத்தினால் கதை முடிந்தது. சின்ன டி-கைப்பிடி போதும், விரல் நுனியால் திருப்ப வேண்டும். அதைவிட நல்ல வழி: டிரில் மெஷினில் ஓட்டை போட்டதும் துண்டை அசைக்காமல், பிட்டைக் கழற்றி டேப்பை மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டைக் கவ்வும் தலையை (சக்) கையால் திருப்பி முதல் சில மரைகளைப் பிடிக்க வையுங்கள். டேப் நேராக இறங்கும்.

அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுக்கு மேல் பின்னே. சாதாரணக் கை டேப்பில் சுருளை உடைக்க இது வேண்டும். அடி மூடிய ஓட்டையில் அடிக்கடி டேப்பை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அடி தட்டியதும் நிறுத்துங்கள், "இன்னும் ஒரு சுற்று" ஆசைதான் பல டேப்களைத் தின்றது. ஏற்காடு எஸ்டேட்டில் காபி பழம் உரிக்கும் பல்ப்பரின் வார்ப்பிரும்புப் பாகம் என்றால் எண்ணெய் வேண்டாம், தூளை ஊதினால் போதும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்.

தேவைக்கு மேல் ஆழமாக மரை போடுவதும் வீண். இரும்பில் எம்3-க்கு 4, 5 மி.மீ. தாராளம். தடிமனான தகடு என்றால், மீதி ஆழத்தில் ஓட்டையைப் பின்பக்கத்திலிருந்து பெரிய பிட்டால் அகலமாக்கிவிடுங்கள்.

அப்படியும் உடைந்தால்? மரை போட்ட துண்டு பித்தளையோ அலுமினியமோ என்றால், அதை படிகாரத்தைக் கரைத்த சூடான நீரில் போட்டு வையுங்கள். கார்பன் ஸ்டீல் டேப் மெல்ல அரித்துப்போகும், துண்டு தப்பிக்கும், பொறுமை வேண்டும். இரும்புத் துண்டில் இந்த வித்தை எடுபடாது, படிகாரம் துண்டையும் சேர்த்தே அரிக்கும். அதற்கு, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஈடிஎம் மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.