பெர்மிட் எல்லை தாண்டுமா? அமெரிக்காவில் துப்பாக்கியோடு மாநிலம் கடக்குமுன் செய்ய வேண்டியவை

டெக்சஸ் டிரைவிங் லைசன்ஸைக் காட்டி நியூஜெர்சியில் கார் ஓட்டலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்ல டெக்சஸ் கொடுத்த பெர்மிட் அதே பர்ஸில் இருக்கிறதே என்று துப்பாக்கியோடு போய் அதைக் காட்டினால் கையில் விலங்கு விழும். புதிதாகப் பெர்மிட் எடுத்த நம்மவர்கள் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2013 அக்டோபரில் நடந்தது இது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பென்சில்வேனியா பெர்மிட்டோடு ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குள் போனார். சாலையில் போலீஸ் நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதையும் பெர்மிட் இருப்பதையும் அவராகவே சொன்னார். அங்கேயே கைது. ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2015 ஏப்ரலில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் மூச்சு விட்டார். எல்லாருக்கும் கவர்னர் மன்னிப்பு கிடைக்காது.

முதலில் விசாவைப் பாருங்கள்

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, பெர்மிட்டை விடுங்கள், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பன் கூப்பிட்டான் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் நாலு தோட்டா சுடுவதும் இதில் அடங்கும். க்ரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே அது போதுமான காரணம். ஆகவே கீழே உள்ளதைக் குடிமக்கள் ஒருமுறை படித்தால், க்ரீன் கார்டுக்காரர்கள் இரண்டு முறை படியுங்கள்.

சொந்த மாநிலத்தின் பெர்மிட்டை எடுங்கள்

"டெக்சஸில்தான் 2021 செப்டம்பர் முதல் பெர்மிட் இல்லாமலே துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்லலாமே, எதற்கு 40 டாலர் தண்டம்?" என்று கேட்பார்கள். அந்தச் சலுகை டெக்சஸ் எல்லையோடு சரி. மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்வது பெர்மிட் அட்டையைத்தான். 2024 நிலவரப்படி 29 மாநிலங்கள் பெர்மிட் கேட்பதில்லை. ஆனாலும் பயணம் போகிறவர் அட்டை இல்லாமல் கிளம்புவது புத்திசாலித்தனம் அல்ல.

போகும் ஊரைப் பார்க்காதீர்கள், போகும் வழியைப் பாருங்கள்

டல்லாஸிலிருந்து பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்குக்குக் காரில் போவதாக வைத்துக்கொள்வோம். ஐ-30, ஐ-40, பிறகு ஐ-81 நெடுஞ்சாலை. வழியில் அர்க்கன்சா, டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, கடைசியில் பென்சில்வேனியா. இதை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "ஏற்கும்", "ஏற்காது" என்று குறியுங்கள். டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பட்டியல் உண்டு. அதோடு நிறுத்தாமல் அந்தந்த மாநிலப் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் தளத்திலும் பாருங்கள். உங்களைப் பிடிக்கப்போவது அவர்கள்தான். அவர்கள் பட்டியல்தான் கணக்கு.

அர்க்கன்சா, டென்னசி, மேற்கு வர்ஜீனியாவில் சிக்கல் இல்லை. வர்ஜீனியாவையும் பென்சில்வேனியாவையும் அந்தந்தத் தளத்தில் பார்த்துக் குறியுங்கள். மேரிலாந்து வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், ஹவாய் ஆகியவையும் அப்படித்தான். ஐ-81 மேரிலாந்துக்குள் ஓடுவது வெறும் 12 மைல். பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தாண்டிவிடலாம். ஆனால் இடுப்பில் துப்பாக்கியோடு அந்த 12 மைலைக் கடந்தால் நீங்கள் குற்றவாளி.

ஏற்காத மாநிலத்தைக் கடப்பது எப்படி

இதற்கென்று 1986-ல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்வது சட்டப்படி சரி என்றால், இடையில் உள்ள மாநிலத்தை அதோடு கடக்கலாம். தோட்டாக்களைக் கழற்றியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இருந்தால் அதில் வையுங்கள். எஸ்யூவி போலத் தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கன்சோல் பெட்டியும், பூட்டியிருந்தாலும், கணக்கில் வராது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

"கிளம்பும் இடம், சேரும் இடம்" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் சித்தப்பா வீடுதான் நீங்கள் சேரும் இடம் என்றால் இந்தச் சட்டத்தை நம்பி இறங்காதீர்கள். துப்பாக்கியை டெக்சஸில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏற்கும் மாநிலத்திலும் அவர்கள் விதிதான்

பெர்மிட் உங்களுடையது, சட்டம் அவர்களுடையது. போலீஸ் நிறுத்தினால் டெக்சஸில் அடையாள அட்டை கேட்கும்போது பெர்மிட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மிச்சிகனில் அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். கொலராடோவில் 15 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு (துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் கூடு) தடை.

பள்ளிக்கூட விஷயம் இன்னும் மோசம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கிக்கு ஃபெடரல் தடை இருக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட் இருந்தால்தான் விலக்கு. அடுத்த மாநிலம் உங்கள் அட்டையை ஏற்றாலும், சட்டத்தின் எழுத்துப்படி இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளி இருக்கும் நாட்டில் இப்படியொரு சட்டம்! பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல் வைத்திருந்தால் பாதகமில்லை.

இன்னொரு மாநிலத்தின் பெர்மிட்டும் எடுக்கலாமா?

யூட்டா, அரிசோனா போன்றவை வெளியூர்க்காரர்களுக்கும் பெர்மிட் தருகின்றன. அதனால் சில மாநிலங்கள் கூடுதலாகத் திறக்கும். ஆனால் ஃப்ளோரிடா, கொலராடோ, மிச்சிகன் மூன்றும், பெர்மிட் கொடுத்த மாநிலத்திலேயே நீங்கள் குடியிருந்தால்தான் அதை ஏற்கும். பெர்மிட்டுக்கு வகுப்பு நடத்துகிறவர்களின் விளம்பரத்தில் இது சின்ன எழுத்தில்கூட வராது.

எல்லா மாநிலங்களும் எல்லாப் பெர்மிட்டையும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் அப்படியே நின்றுபோனது. அதை எதிர்பார்த்துப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. இந்தப் பட்டியல்கள் சட்டமன்றம் கூடும்போதெல்லாம் மாறும். கிளம்பும் முந்தின இரவு மறுபடி ஒருமுறை பாருங்கள். ஐ-81 வழியாகப் போகிறீர்கள் என்றால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கிலேயே பெட்ரோல், காபி, பாத்ரூம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பெட்டியைப் பூட்டி, பென்சில்வேனியா எல்லைப் பலகை தெரியும்வரை வண்டியை நிறுத்தாமல் ஓட்டுங்கள்.