சரிந்த பூத்தில் மறுபடி காலூன்ற

கோபத்தில் விழும் ஓட்டு வேறு, நம்பி விழும் ஓட்டு வேறு. 1996 சட்டமன்றத் தேர்தலில் 4 இடங்களுக்குச் சுருங்கிய அ.தி.மு.க., 2001-ல் 132 இடங்களோடு கோட்டைக்குத் திரும்பியது. 2004 மக்களவைத் தேர்தலில் ஒன்றுகூடத் தேறவில்லை. கோபத்தில் வந்த ஓட்டு அப்படித்தான் போகும். ஆகவே இந்தக் குறிப்பு, ஓட்டு சரிந்த வாக்குச்சாவடிகளில் மக்களின் நம்பிக்கையை மீட்க நினைக்கும் எதிர்க்கட்சிக்கு; ஆளுங்கட்சி சறுக்கட்டும் என்று காத்திருக்கும் கட்சிக்கு உதவாது.

முதலில் தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். கடைசி இரண்டு தேர்தலையும் ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: இடையில் சாவடிகளைப் பிரித்துச் சேர்த்ததில் எண் மாறியிருக்கும். பழைய 112-ஆம் சாவடியைப் புதிய 112-ஓடு வைத்தால் வேறு தெருவின் கணக்கு வந்து நிற்கும். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள தெருப் பெயர்களைக் கொண்டு பொருத்துங்கள். அதிகம் சரிந்த பத்துச் சாவடிகள் போதும். தொகுதி முழுக்கக் கிளம்பினால் மூன்றாம் வாரம் ஆள் இருக்காது.

வீட்டுக்குப் போகிறவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். காரில் வந்து இறங்கும் ஒன்றியச் செயலாளரிடம் “உங்களுக்குத்தான் தம்பி” என்பார்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டு டெபாசிட் இழந்தவர்கள் உண்டு. “ஏன் போடலை?” என்று கேட்காதீர்கள். “நம்ம ஆட்சியில உங்களுக்கு என்னக்கா கெட்டது நடந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் சுடும். வாதாடாமல் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து மனு. குறை ஒன்றுக்கு மனு ஒன்று; பட்டாவையும் தெருவிளக்கையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு துறைக்கும் நடுவே தொலையும். கட்சி லெட்டர்பேடு வேண்டாம், குறை சொன்னவரே கையெழுத்திடட்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். பதில் இல்லையா? 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: “என் மனு இப்போது யாரிடம் உள்ளது, என்ன நடவடிக்கை?” கெடு 30 நாள். அதுவும் தாண்டினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஊர்ப் பொதுக் குறை என்றால் கிராம சபை. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மனு தள்ளுபடியானாலும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலான கட்சிகள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது நடையைத்தான்.

பட்டியலில் பெயர் விடுபட்டவருக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்குப் படிவம் 8. ஆளுங்கட்சிக் கொடி கட்டிய வீடாக இருந்தாலும் நிரப்பிக் கொடுங்கள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.