கோயில் நோட்டீசில் ‘டோனர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் காவடி நோட்டீஸ் அடிக்கும்போது ஆங்கிலத்தில் ‘டோனர்ஸ்’ என்று ஒரே தலைப்பில் எல்லாப் பெயரையும் போட்டுவிடுகிறோம், அதையே தமிழில் போடும்போது அத்தனை பேரும் நன்கொடையாளர் ஆகிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். யார் என்ன கொடுத்தார் என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் காட்டிவிடலாம்.

முதலில் பட்டியலைப் பிரியுங்கள். ஒரு நாள் அபிஷேகத்தையோ, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையோ ஒரு குடும்பமே செலவேற்று நடத்தினால் அவர்கள் உபயதாரர். ‘மூன்றாம் நாள் அபிஷேகம், அன்னதானம் – உபயம்: கோவெண்டர் குடும்பத்தார், சாட்ஸ்வர்த்’ என்று போட்டால் போதும், தனித் தலைப்பே வேண்டாம். கட்டட நிதிக்கு ரொக்கம் தந்தவர்தான் நன்கொடையாளர். வருஷா வருஷம் கோயிலைத் தாங்கி நிற்கிறவர் புரவலர். அப்புறம், கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம் நடந்தால் அங்கே வருகிறவர் ரத்தக் கொடையாளர்.

‘டோனர்’ நம்ம ‘தானம்’ என்பதிலிருந்து போன சொல் என்று மேடையில் சொல்வதுண்டு. விழா மலரில் அதை அச்சடிக்க வேண்டாம், அது சரியில்லை. லத்தீனில் ‘தோனும்’ என்றால் கொடை, ‘தோனாரே’ என்றால் கொடுத்தல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது, சொத்தை எழுதிக் கொடுப்பவரைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவும் புழங்கியது. ‘தானம்’ தமிழுக்கு வந்தது சமஸ்கிருதத்திலிருந்து. சமஸ்கிருதமும் லத்தீனும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்பதால் இரண்டு சொல்லும் பங்காளிகள், அவ்வளவுதான். ‘கொடை’, ‘ஈகை’ இரண்டும் நம்முடையவை.

ரசீதில் மட்டும் ஆங்கிலச் சொல்லையே வையுங்கள். தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில், தகுதிபெற்ற அமைப்புக்குக் கொடுத்ததை, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் பூஜைக்கும் திருவிழாவுக்கும் கொடுத்த பணத்துக்கு அது செல்லாது. கல்வி, ஏழைகளுக்கு உதவி போன்ற பணிகளுக்குத்தான். அதனால் உபயப் பணத்தையும் 18ஏ-க்குரிய பணத்தையும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் கலக்காதீர்கள்.

குடும்பப் பெயரை அவர்கள் வீட்டில் சொல்கிறபடியே எழுதுங்கள். கோவெண்டரைக் கவுண்டர் என்று நீங்களாகத் திருத்த வேண்டாம், அச்சுக்குப் போகும் முன் அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.